துவார்ஸ் ஆற்றிலிருந்து வந்த படம்

அன்புள்ள கண்ணு,

தென்னாப்பிரிக்காவில் துவார்ஸ் ஆற்றங்கரையிலிருந்து நீ அனுப்பிய படத்தை மூன்று நாளாகத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். ஆற்றுப் படுகையில் வெள்ளை அனார்த்தசைட் பாறை, அதன் நடுவே கறுப்புக் கறுப்பாக, குரோமியத் தாதுவான குரோமைட் பட்டைகள். அதில் ஒரு பட்டை இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் போய் மறுபடி ஒன்று சேர்கிறதே, அங்கேயே என் கண் நின்றுவிட்டது.

அப்புச்சி தோட்டத்துக்குப் போகிற வழியில், நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் ஒரு கறுப்புக் கல்லைத் தூக்கமாட்டாமல் தூக்கி, "இது இரும்பாம்மா?" என்று கேட்டாய். அப்போது உனக்கு ஏழு வயது. அதுவும் குரோமைட்தான். இன்னும் என் மேஜை மேல் இருக்கிறது.

அன்றைக்கு நெய்யை வைத்துத்தான் உனக்குச் சொன்னேன். உருக்கிய நெய்யை உடனே ஃபிரிட்ஜில் வைத்தால் வழவழவென்று உறையும். மெல்ல ஆறவிட்டால் மணல் மணலாக இருக்கும். பாறைக்குழம்பும் அப்படித்தான். எரிமலை வழியாக வெளியே வந்தால் சட்டென்று இறுகிவிடும். பூமிக்குள்ளேயே தங்கினால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆறும். ஒவ்வொரு கனிமமும் தன் முறை வரும்போது படிகமாகும். கனமான குரோமைட் அடியில் படிந்தபின் மேலே இருப்பது பழைய குழம்பு இல்லை. அதிலிருந்து பிறப்பது வேறு பாறை. ஆனால் குரோமைட் மட்டும் தனிப் பட்டையாகப் படிய, பாதி ஆறிய குழம்போடு கீழிருந்து புதுக்குழம்பு வந்து கலந்திருக்க வேண்டும் என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

நீ அளக்கும் பிளாட்டினத்தின் கதை வேறு. கந்தகம் மிகுந்தால் ரசத்தில் நெய் பிரிவதுபோல் சல்ஃபைடு துளிகள் பிரியும். மிதக்காமல் கீழே இறங்கும். நிக்கல், செம்பு, பிளாட்டினம் எல்லாம் அந்தத் துளிக்குள் புகுந்துகொள்ளும். தினமும் ஒரு மீட்டர் தடிமன்கூட இல்லாத ஒரே ரீஃபை, அந்தப் பிளாட்டினப் பட்டையை, அளந்து அலுத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். டன்னுக்கு நாலைந்து கிராம்தான், சரி. ஆனால் அதே பட்டை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகிறதே கண்ணு! 1924-ல் நிலவியலாளர் மெரென்ஸ்கி அங்கே தேடிப் பிடித்ததும் இப்படி ஒரு மெல்லிய பட்டையைத்தான்.

நம் சித்தம்பூண்டிப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு, துவார்ஸ் ஆறு ஓடும் உன் புஷ்வெல்ட் பாறைத்தொகுதிக்கு 205 கோடி. ஆனால் நம்முடையது ஆழத்தில் புதைந்து, வெந்து, மடிந்து மேலே வந்தது. எது மேல், எது கீழ் என்று தெரியாமல் வெயிலில் எத்தனை நாள் திண்டாடியிருக்கிறேன்! நம் சித்தம்பூண்டியின் வெள்ளை அனார்த்தசைட்டை அரைத்துத்தான் சந்திரயான் சோதனைக்கு இஸ்ரோ நிலா மண் செய்தது. புஷ்வெல்டோ பெரிதும் கலையாமல், படிந்த வரிசையிலேயே கிடக்கிறது. எனக்குக் கிடைக்காதது உன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அலுத்துக்கொள்ளாதே.

அப்புறம், அடுத்த முறை படம் எடுக்கும்போது பட்டைக்குப் பக்கத்தில் சுத்தியலை வை. எவ்வளவு தடிமன் என்று தெரியாமல் தவிக்கிறேன்.

அம்மா