கயல்விழிக்காக ஒரு கடிதம்

கும்பகோணம்,
14.5.2025

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. தொலைபேசியில் பேசாமல் கடிதம் எழுதுகிறவள் இன்று எனக்கு நீ ஒருத்திதான். அதனால் உன் கையெழுத்தைப் பார்த்ததும் சமையலைக்கூட நிறுத்திவிட்டு உட்கார்ந்து படித்தேன். அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்பது ஆறுதல். இங்கே என் முழங்கால்தான் தொந்தரவு செய்கிறது. காவிரிக் கரை வரை காலையில் நடந்துவிட்டு வந்தால் பிற்பகல் வரை உட்கார வேண்டியிருக்கிறது.

உன் பேத்தி கயல் பன்னிரண்டாம் வகுப்பில் 541 மதிப்பெண் வாங்கியிருக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மூன்று முறை படித்தேன். மே 8-ஆம் தேதி முடிவு வந்ததிலிருந்து உன் கடிதத்துக்குத்தான் காத்திருந்தேன். மருமகன் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டு, உன் மகள் சுமதி தையல் தைத்துக்கொண்டு, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்து வாங்கிய மதிப்பெண் அது. குழந்தைக்கு என் முத்தங்களைச் சொல்.

நீ கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். "ஸ்காலர்ஷிப் கிடைத்தால் செலவே இருக்காதா? யாரைப் போய்ப் பார்க்க வேண்டும்?" முப்பது வருடத்துக்கு மேல் ஒரு கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைக் கோப்புகளோடு வாழ்ந்தவள் நான். ஆனால் உனக்குப் பதில் எழுதும்போது கை நடுங்குகிறது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அவசரமான விஷயம். ஒருவர் வீட்டுக்கு வந்து, "கவுன்சிலிங்குக்கு அலைய வேண்டாம், எங்கள் கல்லூரியிலேயே ஸ்காலர்ஷிப் தருகிறோம், ஒரிஜினல் சான்றிதழை மட்டும் கொடுங்கள்" என்றாராமே. கொடுத்துவிடாதே, மல்லிகா. அவர் நல்லவராகவே இருக்கட்டும், கொடுக்காதே. அசல் சான்றிதழைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-லேயே சொல்லிவிட்டது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எந்த வாசல் வழியாகக் கல்லூரிக்குள் நுழைகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பல சலுகைகள் கிடைக்கின்றன. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத இடம் 2021-இல் இருந்து ஒதுக்கப்படுகிறது. அந்த ஒதுக்கீட்டில் கலந்தாய்வு மூலம் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. பணம் நம் கைக்கு வராது, கல்லூரிக்கே போய்விடும். இதே பிள்ளை இதே கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்தச் சலுகையில் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும் அப்படித்தான். அதுவும் கலந்தாய்வில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே. அந்த மனிதர் தருகிறேன் என்ற "ஸ்காலர்ஷிப்" அவர்களே ஏற்றி வைத்த கட்டணத்தில் கொஞ்சம் குறைப்பது. அதுவும் முதல் ஆண்டோடு நின்றுவிடுமா, மதிப்பெண் குறைந்தால் போய்விடுமா என்று எழுத்தில் கேட்டுப் பார், பதில் வராது. பொறியியல் விண்ணப்பத்துக்கு இந்த ஆண்டு ஜூன் 6 கடைசி நாள். இந்த வாரமே இணையத்தில் பதிவு செய்துவிடுங்கள்.

கயல் இன்னும் பி.எஸ்சி. இயற்பியல் என்றும் சொல்கிறாள் என்று எழுதியிருந்தாய். அதற்கும் அரசுக் கலைக் கல்லூரிகளில் விண்ணப்பம் போட்டு வை. அங்கே கட்டணம் மிகக் குறைவு. எதைப் படிப்பது என்பது அவள் முடிவு. அதில் நீயும் நானும் தலையிட வேண்டாம்.

எந்தப் படிப்பானாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதுவும் உண்டு. இந்தத் திட்டத்தை நினைத்தால் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. இதன் முழுப் பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். முன்பு அவர் பெயரில் இருந்தது திருமண உதவி, தாலிக்குத் தங்கம். 2022 செப்டம்பரில் அதைப் படிப்புக்கு மாற்றினார்கள். எங்கள் ஊரிலிருந்து மூவலூர் தொலைவில்லை. பேருந்தில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய அந்த அம்மாளை நினைத்துக்கொள்வேன். பையன்களுக்கும் 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் அதே தொகை வருகிறது. உன் எதிர்வீட்டுப் பையனிடம் சொல்.

ஆனால் "செலவே இருக்காதா" என்று கேட்டாயே, இருக்கும். அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. கட்டணம் என்று அரசு ஏற்பது ஒன்று, ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போய்வர ஆகிற செலவு வேறொன்று. பெட்டி, படுக்கை, ஆய்வகக் கோட்டு, ரெக்கார்டு நோட்டு, கால்குலேட்டர், செருப்பு, ஊருக்கு வந்துபோகிற டிக்கெட். இவற்றுக்கு யாரும் காசோலை தருவதில்லை. கையில் வருகிற உதவித்தொகையும் கல்லூரி திறந்து பல மாதம் கழித்துத்தான் வரும். செலவோ முதல் வாரத்திலேயே வந்து நிற்கும். என் அனுபவத்தில் பிள்ளைகள் படிப்பை விட்டது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். பணமே இல்லாமல் நின்றவர்களைவிட, வர வேண்டிய பணம் வருவதற்குள் நின்றுவிட்டவர்கள் அதிகம். ஆகவே ஒரு பதினைந்தாயிரம் ரூபாயை இப்போதே தனியாக எடுத்து வை. முடியவில்லை என்றால் என்னிடம் கேள். கேட்பதற்கு வெட்கப்படாதே.

எங்கள் கல்லூரியில் ஒரு பெண் படித்தாள். செங்கல் சூளைக் குடும்பம். விண்ணப்பம் எல்லாம் சரியாகப் போயிற்று, பட்டியலில் பெயரும் வந்தது, பணம் மட்டும் வரவில்லை. வாரா வாரம் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பாள். "அக்கா, இன்னும் வரலை" என்பாள். நானும் மேலே எழுதிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, பணம் எப்போதோ வந்துவிட்டது என்று. அவள் அம்மா எதற்கோ வேறொரு வங்கியில் அவள் பெயரில் ஒரு கணக்கு தொடங்கியிருக்கிறார். ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைந்ததோ அங்கேதான் அரசுப் பணம் போகும். யாரும் பார்க்காத அந்தப் பாஸ்புத்தகத்தில் பணம் கிடந்தது. நான் அதைக் கண்டுபிடித்துச் சொல்லி அனுப்பியபோது அவள் நூற்பாலைக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தாள். திரும்பி வரவில்லை.

அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கயல் பெயரில், அவளுக்கு மட்டுமான ஒரு கணக்கு. வங்கிக்குப் போய் "ஆதார் கொடுத்திருக்கிறேன்" என்று சொன்னால் போதாது. அடையாளத்துக்காக ஆதார் நகலை வாங்கி வைப்பது வேறு, அரசுப் பணம் வருவதற்காக ஆதாரை அந்தக் கணக்கில் இணைப்பது வேறு. இரண்டாவதைத் தனியாகக் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம், கயல் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடுவாள். அடுத்தது பெயர். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழில் மு. கயல்விழி, ஆதாரில் கயல்விழி முருகன், பாஸ்புத்தகத்தில் ஓர் எழுத்துப் பிழை என்று இருந்தால் கணினிக்கு அது மூன்று பெண்கள். முன்னெழுத்து முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதில் நம் பிள்ளைகள் இழந்த பணத்துக்குக் கணக்கே இல்லை. கல்லூரி திறப்பதற்குள் இதைத் திருத்திவிடுங்கள்.

எங்கே தேடுவது என்றால், கையில் மூன்று இடம் இருக்கிறது. ஒன்று அவள் சேரப்போகும் கல்லூரி அலுவலகம். உதவித்தொகையைப் பார்க்கிற எழுத்தர் யார் என்று முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல். அறிவிப்புப் பலகையை நம்பி இருக்க வேண்டாம். இரண்டாவது, புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகம். உணவும் தங்குமிடமும் இலவசமான கல்லூரி மாணவியர் விடுதிகளைப் பற்றி அங்கேதான் கேட்க வேண்டும். கயலின் தோழி ஒருத்தி ஆதிதிராவிடர் வகுப்பு என்றாயே, அவளுக்குப் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் கட்டாயக் கட்டணங்களும் கிடைக்கும், பராமரிப்புக்கு ஆண்டுக்கு ஒரு தொகையும் கிடைக்கும். 1944-இல் அம்பேத்கர் வைஸ்ராய் சபையில் இருந்தபோது வந்த திட்டம் அது. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-இல் கொலம்பியாவுக்குப் போய்ப் படித்தவர் அல்லவா, அதன் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது இடத்தை யாரும் நினைப்பதில்லை. பெற்றோரின் தொழில். மருமகன் ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா? செய்திருந்தால் பிள்ளையின் மேற்படிப்புக்கு அங்கே கல்வி உதவி உண்டு. கட்டுமானத் தொழிலாளர், தையல் தொழிலாளர் எல்லாருக்கும் இப்படி வாரியம் இருக்கிறது. சுமதிக்கும் கேட்டுப் பார். அட்டையைப் புதுப்பிக்காமல் பெட்டியில் போட்டுவைத்த எத்தனையோ வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

மத்திய அரசின் திட்டங்கள் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் இருக்கின்றன. கயல் பி.எஸ்சி. சேர்ந்தால் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் தன் பாடத்திட்டத்தில் தேர்வெழுதியவர்களில் முதல் இருபது சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 12,000 ரூபாய், நாடு முழுவதும் 82,000 பேருக்கு. அதில் பாதி பெண்களுக்கு. பொறியியல் என்றால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ நடத்தும் பிரகதி திட்டம் இருக்கிறது, பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000. ஆனால் இவை வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறாதவர்களுக்கு என்ற நிபந்தனையோடு வருகின்றன. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் எல்லாம் கிடைத்தபின் இவற்றுக்கும் கைநீட்டினால் பிறகு திருப்பிக் கட்டச் சொல்வார்கள். எது பெரிதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். தனியார் அறக்கட்டளைகளில் ரிலையன்ஸ் இளநிலை மாணவர்களுக்குப் படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்து இரண்டு லட்சம் வரை தருகிறது. நடிகர் சூர்யா தொடங்கிய அகரமும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேடி எடுக்கிறது. எதுவானாலும் விண்ணப்பத்துக்குப் பணம் கேட்டாலோ, செல்பேசியில் வரும் ரகசிய எண்ணைக் கேட்டாலோ அது மோசடி. கல்விக் கடனை உதவித்தொகை என்று சொல்லித் தருபவர்களும் உண்டு. கடன் கடன்தான்.

கிடைத்தபின் காப்பாற்றுவதும் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். மத்திய அரசுத் திட்டத்துக்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். காலையில் நான் நடந்துபோகும் வழியில்தான் இந்த ஊர் அரசுக் கலைக் கல்லூரி. 1904-இல் உதவித்தொகையோடு அங்கே சேர்ந்த ராமானுஜன், கணக்கைத் தவிர வேறெதையும் பார்க்காமல் ஆங்கிலத்தில் தவறினார். உதவித்தொகை போயிற்று, படிப்பும் போயிற்று. 1913-இல்தான் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது. நடுவில் அவர் பட்ட பாட்டை நினைத்தால் மனம் தாங்காது. இயற்பியல் பிடித்த பிள்ளைக்கு இந்தக் கதையை நீயே சொல்.

இப்போது என் கை நடுங்கிய காரணம். 1983-இல் நாம் இருவரும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோம். என்னைவிட உனக்கு 38 மதிப்பெண் அதிகம். தாலுகா அலுவலகத்தில் இருந்த என் மாமா ஒரு மாலை உதவித்தொகைப் படிவத்தைக் கொண்டுவந்தார். அங்கேயே நிரப்பிக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டோம். உன்னிடமும் அந்தப் படிவம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொண்டேனா, நினைத்துக்கொள்வது வசதியாக இருந்ததா என்று இந்த நாற்பது வருடத்தில் பல இரவுகள் என்னையே கேட்டிருக்கிறேன். உன் வீடு என் வீட்டிலிருந்து நாலாவது வாசல். நான் வந்து சொல்லவில்லை. ஆடி மாதம் நான் கல்லூரிக்குப் போகும்போது நீ பேருந்து நிறுத்தத்துக்கு வந்து கையசைத்தாய். தேதி முடிந்தது உனக்குத் தெரியவே தெரியாது. நீ ஒரு நாளும் இதைப் பற்றிக் கேட்டதில்லை. அலுவலகத்தில் நான் ஒவ்வொரு பிள்ளைக்கும் படிவத்தை எடுத்துக் கையில் கொடுத்ததற்கு நீதான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் அறந்தாங்கிக்கு வருகிறேன். முழங்காலைப் பார்த்துக்கொள்ளலாம். கயலின் ஆதார், மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்று, வருமானச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வை. திங்களன்று இ-சேவை மையத்துக்குப் போவோம். ஏழரை சதவீதத்தில் இடம் கிடைக்காமல் போனாலும் முதல் பட்டதாரிச் சான்று கையில் இருக்க வேண்டும். அதற்கான படிவத்தில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள் எல்லாருடைய படிப்பையும் கேட்பார்கள். பாட்டி என்ற வரியில் உன் பெயர் வரும், பக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்பு என்று வரும். அந்த வரியை நான்தான் எழுதுவேன், மல்லிகா. நீ என் பக்கத்தில் உட்கார்ந்திரு.

என்றும் உன்,
வசந்தா