பிடுங்காதே, பக்கத்தில் உட்கார்

குன்னூர்

அன்புள்ள செல்வி,

கொடையில் பேரிக்காய் நல்ல காய்ப்பு என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை. பச்சைத் தேயிலை விலையும் கட்டுப்படியாகவில்லை. இருட்டினால் காட்டுமாடு வாசல்வரை வந்துவிடுகிறது. பிள்ளைகள் போனும் கையுமாக வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார்கள்.

சரி, நீ கேட்ட விஷயம். உன் மகன் போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆடுகிறான், போனைப் பிடுங்கிவிடவா என்கிறாய். பிடுங்காதே. முதலில் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் ஆட்டத்தை முழுசாகப் பார். 100 பேர் ஒரு தீவில் குதிப்பார்கள், அவர்கள் ஆடுகிற வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், கடைசிவரை நிற்கிற அணிக்கு வெற்றி. அணிக்கு நாலு பேர். என் மகன் ஆடும்போது பார்த்தேன். அடிபட்டு விழுவதை 'நாக்' என்கிறார்கள். "டேய், நாக் ஆயிட்டேன், தூக்கிவிடுடா" என்று ஒருவன் கத்த, இவன் புகைக்குண்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவனை எழுப்பினான். எல்லாம் வகுப்புப் பையன்கள்தான். ஒருவன் அருவங்காடு, ஒருவன் கேத்தி. சாயங்காலம் பஸ் பிடித்து வீடு போய்விட்டால் அவர்கள் கூடிப் பேச வேறு இடம் ஏது?

இன்னொன்று, இந்த ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்க முடியாது. பிஜிஎம்ஐயில் ஒரு முழு ஆட்டம் அரைமணி நேரம் வரை ஓடும். இதேபோன்ற இன்னொரு விளையாட்டான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்றால் பத்து நிமிடம் போல. பாதியில் எழுந்தால் மற்ற மூவரும் தவிப்பார்கள், ரேங்க் புள்ளியும் போகும். அதனால் "எட்டு மணிக்கு நிறுத்து" என்று சொல்லாதே. "ஏழரைக்கு மேல் புது ஆட்டம் தொடங்காதே" என்று சொல். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரச் சண்டை இதில்தான் அடங்கியது.

துப்பாக்கி எனக்குப் பெரிய பயமாக இல்லை. பிஜிஎம்ஐயில் ரத்தம்கூடப் பச்சையாகத்தான் தெறிக்கும். பயமெல்லாம் மைக்கில்தான். ஆள் குறைந்தால் முன்பின் தெரியாதவர்களோடு சேர்த்துவிடும். வளர்ந்த ஆட்கள் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். அப்படிப்பட்டவரை மியூட் செய்யவும் ரிப்போர்ட் அடிக்கவும் அவனுக்குத் தெரிகிறதா என்று பார். "இலவசமாக யூசி தருகிறேன், பாஸ்வேர்டு சொல்" என்றோ (யூசி என்பது ஆட்டத்துக்குள் செலவழிக்கிற காசு), டெலிகிராமுக்கு வா என்றோ யார் கூப்பிட்டாலும் உன்னிடம் சொல்லச் சொல். சொன்னால் திட்டமாட்டாய் என்று அவன் நம்ப வேண்டும், செல்வி.

அப்புறம் காசு. யூசி கொடுத்துத் திறக்கிற பெட்டியில் என்ன வரும் என்பது அதிர்ஷ்டம். அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பிள்ளைகளின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த கூகுள் தரும் ஃபேமிலி லிங்க் செயலியில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் உன் அனுமதி கேட்கும்படி வை, யுபிஐ பின்னை அவனிடம் சொல்லாதே. வயதையும் சரியாகப் போட்டிருக்கிறானா பார். 18 வயதுக்குக் கீழே என்றால் பிஜிஎம்ஐயே ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல் விடாது. அதுவே அதிகம் என்பேன்.

தூக்கம் கெடுகிறதா, பள்ளிக்குப் போக முரண்டு பிடிக்கிறானா? அப்படி இருந்தால் உடனே போன் செய், அது வேறு பேச்சு. இல்லையென்றால் யாரோடு ஆடுகிறான் என்று மட்டும் பார்த்து எழுது. அத்தை கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ஜெயா