11ஆம் புத்தகத்தோடு நிறுத்திய மகளுக்கு

தருமபுரி

அன்புள்ள கயல்,

ஞாயிற்றுக்கிழமை போனில், "ஜோர்டான் எழுதினதோட எனக்குக் கதை முடிஞ்சுதுப்பா, அப்புறம் வந்தது வேற ஆள் எழுதினது" என்று சொன்னாய். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள். சரி, போனில் பேசினால் நீ நடுவில் புகுந்துவிடுவாய். எழுதினால் முழுதாகக் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

நீ பீரோவில் விட்டுப்போன, ராபர்ட் ஜோர்டானின் 'வீல் ஆஃப் டைம்' என்ற ஆங்கில மாயக்கதைத் தொடரின் 11 புத்தகங்களையும் நான் படித்தது உனக்குத் தெரியும். நீ வாங்காத கடைசி மூன்றையும் நானே வாங்கி முடித்துவிட்டேன். இங்கே இப்போது பேச்சுத் துணைக்கும் ஆள் இருக்கிறது. நான்கு ரோடு பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் தம்பி 14 புத்தகத்தையும் போனிலேயே படித்தவன். பென்னாகரத்திலிருந்து பஸ்ஸில் காலேஜுக்கு வரும் பெண் ஒருத்தி, அவன் கடையில் மாத்திரை வாங்க வந்தவள், எங்கள் பேச்சு காதில் விழுந்து அப்படியே நின்றுவிட்டாள். சாயங்காலம் கடையில் கூட்டம் குறைந்ததும் ஆரம்பித்துவிடுவோம். கதையில் வரும் நைனீவ் என்ற பெண் கோபத்தில் சடையைப் பிடித்து இழுப்பதைத் தம்பி இல்லாத சடையை இழுத்து நடித்துக் காட்டுவான். பிரஷர் மாத்திரைக்கு நிற்கிற பெரியவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

கதை நாயகனின் சிநேகிதன் பெரின் விஷயத்தில் மூன்று பேருக்கும் ஒரே கருத்து, இழுவை. 1998இல் வந்த புத்தகத்தில் அவன் பெண்டாட்டியைத் தூக்கிப் போகிறார்கள். 2005இல் வந்த புத்தகத்தில்தான் மீட்கிறான். சீதையை மீட்க ராமனுக்கே ஒரு வருஷம்தான் ஆயிற்று. 10ஆம் புத்தகத்தை நீ பாதியில் மூடி வைத்து, ரொம்ப நாள் கழித்து எடுத்தாயே, அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆனால் அந்த இழுவையைத் தாண்டி 11க்கு வந்தவள், ஜோர்டான் மறுபடி வேகம் பிடித்த இடத்தில் நிறுத்தியதுதான் பொறுக்கவில்லை.

உன் கட்சி எனக்குப் புரியாமல் இல்லை. ராபர்ட் ஜோர்டான் 2007இல் இறந்துபோனார். கடைசி மூன்றை எழுதிய பிராண்டன் சாண்டர்சன் அவரைச் சந்தித்ததுகூட இல்லை, அவர் புத்தகங்களைப் படித்து வளர்ந்த ரசிகர். ஜோர்டான் இறந்ததும் சாண்டர்சன் எழுதிய அஞ்சலியைப் படித்துவிட்டுத்தான் கதையை முடிக்க ஹாரியட் அவரைக் கூப்பிட்டார். ஹாரியட் ஜோர்டானின் மனைவி மட்டும் இல்லை, முதல் புத்தகத்திலிருந்து எடிட்டரும் அவர்தான். எந்த வரி கணவருடையது, எந்த வரி இல்லை என்று அந்த அம்மாவைவிட நமக்கா தெரியப்போகிறது? ஜோர்டான் சும்மாவும் போகவில்லை. குறிப்புகள் விட்டுப்போனார், சில காட்சிகளை எழுதி வைத்தார், உடம்பு முடியாத கடைசி நாட்களில் வீட்டாரை வைத்துக்கொண்டு கதையை வாயால் சொன்னார். முடிவுக் காட்சி அவரே எழுதியது. ஒரே புத்தகம் என்று நினைத்தது 2009, 2010, 2013 என்று மூன்றாக வந்தது.

நம்ம ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தபோது நீ சின்னப் பெண். மத்தியானம் பந்தலில் பிரசங்கியார் வில்லி பாரதம் சொல்லுவார், ராத்திரி அதே கதை கூத்தாக வரும். அந்த வில்லிபுத்தூரார் பாடியது பத்துப் பருவம்தான், பதினெட்டாம் நாள் போரோடு நின்றுவிடும். பிறகு 18ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை வந்து, வில்லியின் பாட்டுகளையும் சேர்த்துக்கொண்டு, 18 பருவத்தையும் பாடி முடித்தார். அவரை யாரும் வேற ஆள் என்று வெளியே நிறுத்தவில்லை. கம்பர் விட்ட உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடினார் என்பார்கள்.

உத்தர காண்டத்தை யாருப்பா படிக்கிறா என்று கேட்பாய். நியாயம்தான், நானும் படித்ததில்லை. ஆனால் கம்பர் பட்டாபிஷேகம் வரை கொண்டுவந்து விட்டார், வில்லி போரை முடித்துவிட்டார். உன் 11ஆம் புத்தகம் முடியும்போது கடைசிப் போர் தொடங்கவே இல்லையே! விடிய விடிய உட்கார்ந்து கூத்துப் பார்த்துவிட்டு, படுகளத்தன்று காலையில் எழுந்து வீட்டுக்குப் போகிற ஆளை நம்ம ஊரில் என்ன சொல்லுவார்கள்? துரியோதனன் மண்ணில் மல்லாந்து கிடக்கிறான், தொடையில் அடி விழப்போகிறது, திரௌபதி கூந்தலை முடியப்போகிறாள், அப்போது எழுந்து போகலாமா?

இன்னொன்றும் சொல்கிறேன். நம்ம தருமபுரிதான் அந்தக் காலத்துத் தகடூர். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை அதை ஆண்ட நம்ம அதியமான் மேல் படையெடுத்து வந்த கதை 'தகடூர் யாத்திரை' என்று ஒரு நூலாகவே இருந்தது. இப்போது முழு நூல் இல்லை. புறத்திரட்டு என்ற தொகுப்பில் கொஞ்சம் பாட்டு மிஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த நூலுக்கு ஒரு ஹாரியட் வாய்க்கவில்லை.

சாண்டர்சனை நான் தலையில் தூக்கிவைத்து ஆடவில்லை. 12ஆம் புத்தகத்தில் நாயகனின் இன்னொரு சிநேகிதன் மாட் பேசுவது நம்ம மாட் மாதிரியே இல்லை. நகைச்சுவை வலிந்து வருகிறது. காலேஜ் பெண்ணுக்கு அதில் இன்னும் கோபம் தீரவில்லை. அடுத்த புத்தகத்தில் பரவாயில்லை. வாக்கியங்களும் ஜோர்டான் அளவுக்கு நின்று நிதானமாகப் போகாது. துணியின் கரைக்கு நாலு வரி, குதிரையின் சேணத்துக்கு மூன்று வரி என்பதெல்லாம் போய்விட்டது. உனக்கு அதெல்லாம் பிடிக்கும். எனக்கு அது குறைந்ததில் வருத்தம் இல்லை.

அப்புறம், வில்லன் கூட்டத்து அஸ்மோடியன். 5ஆம் புத்தகக் கடைசியில் நல்ல ஒயின் கிடைக்குமா என்று சின்னக் கதவைத் திறக்கிறான், யாரையோ பார்த்துத் திடுக்கிடுகிறான், செத்துப்போகிறான். யார் கொன்றது என்று நீயும் உன் ஹாஸ்டல் சிநேகிதியும் ஒரு லீவு முழுக்க நம்ம வீட்டு மொட்டை மாடியில் சண்டை போட்டீர்கள். 1993இல் போட்ட முடிச்சு 2010இல்தான் அவிழ்ந்தது, அதுவும் கதையில் இல்லை, 13ஆம் புத்தகத்தின் பின்னால் இருக்கிற சொற்பட்டியலில், போகிற போக்கில். பெயரைச் சொல்ல மாட்டேன். நீ சொன்ன ஆளா, அவள் சொன்ன ஆளா என்பதையும் சொல்ல மாட்டேன்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் நாயகன் ராண்ட் இல்லை, அவனை வளர்த்த டாம். முதல் புத்தகத்தில் அந்தக் குளிர் ராத்திரி நினைவிருக்கிறதா? அப்பன் வெட்டுப்பட்டுக் கிடக்கிறான். குதிரை ஓடிவிட்டது. பையன் வண்டியின் ஏர்க்கால் கட்டைகளை எடுத்துப் போர்வையைக் கட்டி, அதில் அப்பனைப் போட்டு, ரோட்டுக்குப் போகப் பயந்து காட்டுக்குள்ளேயே ஊர் வரைக்கும் இழுத்துப் போகிறான். காய்ச்சல் பிதற்றலில் டாம், மலைச் சரிவில் பனியில் ஒரு குழந்தையை எடுத்ததைச் சொல்லிவிடுகிறான். பையன் கேட்டுக்கொண்டே இழுக்கிறான். கர்ணன் கதைதான். ஆனால் நான் பார்த்த எந்தக் கர்ண மோட்சத்திலும் அதிரதன் மேடைக்கு வந்ததே இல்லை. குந்திதான் வந்து அழுவாள். எடுத்து வளர்த்தவன் என்ன ஆனான் என்று யாரும் கேட்பதில்லை. ஜோர்டான் அவனைக் கதைக்குள் கடைசி வரை வைத்திருந்தார். 12ஆம் புத்தகத்தில் டாம் ராண்ட் முன்னால் வந்து நிற்கும் ஓர் இடம் இருக்கிறது. அதற்குள் ராண்ட் எப்படி இறுகிப்போயிருந்தான் என்று 11 வரை படித்த உனக்குத் தெரியும். இதற்கு மேல் சொன்னால் மெடிக்கல் தம்பி என்னைத் திட்டுவான்.

12ஆவதை மட்டும் பார்சலில் அனுப்புகிறேன். மற்ற இரண்டும் காலேஜ் பெண்ணிடம் இருக்கின்றன. பாக்கெட்டில் அம்மா எள்ளுருண்டையும் வைத்திருக்கிறாள், எண்ணெய் புத்தகத்தில் படாமல் பார்த்து எடு. டாம் வரும் இடம் தாண்டியதும் போன் செய். அதற்கு முன்னால் செய்தால் அம்மாவிடம்தான் கொடுப்பேன்.

அன்புடன்,
அப்பா