சாயம் தோய்த்த இறகும் மீனின் கண்ணும்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. கட்டு அவிழ்த்த அன்று "இந்தப் போர்வை இவ்வளவு நீலமா?" என்று கேட்டார்களாமே, அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். வயதாக ஆக நம் கண்ணின் லென்ஸ் மஞ்சள் பூத்து நீலத்தைப் பாதி வடிகட்டிவிடும். அதை எடுத்ததும் நீலம் திரும்பி வந்திருக்கிறது. தங்கச்சியிடம் சொல், அம்மா இனி எல்லா நிறத்தையும் புதுசாகத்தான் பார்ப்பார்கள். கொஞ்ச நாளைக்கு அவர்கள் சொல்வதை எல்லாம் கேட்டுக்கொண்டிருங்கள்.

அதே கடிதத்தின் கடைசியில் நீ கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. தூண்டில் முள்ளில் பூச்சி மாதிரி நாம் கட்டுகிற ஈயை, புற ஊதாச் சாயம் ஏற்றிய முடியும் இறகும் வாங்கிக் கட்டினால் ட்ரவுட் மீன் கூடுதலாக விழுமா என்று கேட்டிருந்தாய். சில நேரம் உதவும். ஆனால் மீனுக்குப் புற ஊதா தெரியும் என்று பாக்கெட்டில் போட்டிருக்கும் காரணத்தால் அல்ல.

புற ஊதா ஒளியை நம் லென்ஸ் உள்ளேயே விடுவதில்லை. ட்ரவுட் குஞ்சின் கண் அப்படி இல்லை. அதன் விழித்திரையில் புற ஊதாவுக்கென்றே நிறம் உணரும் தனிக் கூம்பு செல்கள் உண்டு. தண்ணீரில் மிதக்கும் பொடிப் பொடி உயிர்களைத் தின்கிற வயதில் அது நன்றாகப் பயன்படுகிறது. மீன் வளர வளர அந்தச் செல்கள் குறைந்துவிடும். பழுப்பு ட்ரவுட்டில் 2 வயதுக்குள் அவை மறைந்துவிடுவதை 1987-லேயே ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் யோசித்துப் பார், நீயும் நானும் இடுப்பளவு தண்ணீரில் நின்று காத்திருப்பது எந்த மீனுக்காக? அந்த மீனுக்குத்தான் இந்தப் பார்வை போயிருக்கும்.

அப்புறம், நீ சொன்ன அந்த ஊதா டார்ச். அதை அடித்ததும் பாக்கெட் முழுக்கப் பச்சையாக ஒளிர்ந்ததாக எழுதியிருக்கிறாய். நானும் ஒன்று வாங்கி, இரவில் விளக்கை அணைத்துவிட்டு மேஜை மேல் அடித்துப் பார்த்தேன். சாயம் ஏற்றிய முடி ஒளிர்ந்தது, உண்மைதான். ஆனால் அதைவிடப் பளிச்சென்று ஒளிர்ந்தது என் வெள்ளைச் சட்டையின் கை! சலவைத் தூளில் வெண்மைக்காக ஒன்றைச் சேர்க்கிறார்களே, அதன் வேலை. புற ஊதாவை வாங்கிக்கொண்டு, நம் கண்ணுக்குத் தெரிகிற ஒளியாகத் திருப்பித் தருவதைத்தான் ஃப்ளோரசன்ட் என்கிறோம். புற ஊதாவை அப்படியே திருப்பி அனுப்புவது வேறு. அது நடந்தாலும் நமக்குத் தெரியாது, டார்ச் அடித்தாலும் தெரியாது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி விற்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். பணம் கொடுக்கிறவனுக்கு எதை வாங்குகிறோம் என்றாவது தெரிய வேண்டாமா?

ஃப்ளோரசன்ட் சாயம் வீண் என்று சொல்ல வரவில்லை. ஆழம் போகப் போகத் தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியை. ஐந்தாறு மீட்டர் கீழே சாதாரணச் சிவப்பு இறகு கருஞ்சாம்பலாகிவிடும். ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு அங்கேயும் ஆரஞ்சாகவே இருக்கும், ஏனென்றால் மிச்சமிருக்கிற நீலத்தையும் பச்சையையும் வாங்கித் தன் நிறத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அதனால் ஆழமான ஏரி, மூட்டமான நாள், விடிகாலை மாதிரி வெளிச்சம் குறைந்த நேரம் என்றால் தண்ணீருக்கடியில் இறங்கும் நிம்ஃப் ஈயின் கழுத்தில் ஆரஞ்சு நூலை இரண்டு சுற்று சுற்றுவேன். அது பயன் தருகிறது என்று நம்புகிறேன். முழங்கால் ஆழத் தெளிந்த ஓடையில் அந்த வேலைக்கே இடமில்லை. அங்கே சிவப்பு சிவப்பாகத்தான் தெரியும்.

மேலே மிதக்கும் ஈயின் கதை இன்னும் வேறு. மீன் வெளி உலகத்தைத் தலைக்கு மேலே ஒரு வட்ட ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறது. அது 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நின்றால் அந்த ஜன்னலின் குறுக்களவு சுமார் 68 சென்டிமீட்டர். ஜன்னலுக்கு வெளியே மிதக்கிற ஈயில் மீனுக்குத் தெரிவது, தண்ணீர்த் தோலை அதன் கால்கள் அழுத்துகிற புள்ளிகள். உள்ளே வந்ததும் பிரகாசமான வானத்துக்கு எதிரே ஒரு நிழல். அந்த நிழலில் ஆலிவுக்கும் பழுப்புக்கும் எவ்வளவு வித்தியாசம் தெரிந்துவிடப் போகிறது? அளவும் வடிவமும் இழுபடாமல் மிதப்பதும்தான் அங்கே முக்கியம்.

இங்கிலாந்தில் ஃபிராங்க் சாயர் என்று ஓர் ஆற்றுக் காவலர் இருந்தார், உனக்குத் தெரியும். அவருடைய பெயர்பெற்ற நிம்ஃபில் சாயமே கிடையாது. ஃபெசன்ட் பறவையின் வால் இழையும் மெல்லிய செப்புக் கம்பியும்தான். நூல்கூட இல்லை. அதே மனிதர் கட்டிய இன்னொரு ஈக்கு சாட்விக்ஸ் 477 என்று ஒரு கம்பளி நூல், கிழிந்த துணி தைக்கிற நூல். நனைந்தால் லேசாக இளஞ்சிவப்பு காட்டும். அதைத் தயாரிப்பது நின்ற பிறகு, பழைய அட்டைகளைத் தேடித் தேடி ஏகப்பட்ட விலை கொடுத்து வாங்கினார்கள். எனக்கு அந்த ஏக்கம் புரிகிறது. ஆனால் அந்த ஈயை அடிவரை இறக்குவது உள்ளே சுற்றிய கம்பி. கம்பியைத் தேடி யாரும் அலையவில்லை.

நான் சாயம் தோய்ப்பதை விடவில்லை, விடவும் மாட்டேன். போன வாரம்கூட முயல் முடிக்கு ஆலிவ் போட்டேன். பாத்திரம் கழுவும் சோப்பில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, ராத்திரி முழுக்க ஊறவைத்து, கொதிக்காத சுடுதண்ணீரில் சாயத்தைக் கலந்து போட்டேன். வினிகரைக் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். முன்பு ஒரு தடவை அவசரப்பட்டு முதலிலேயே ஊற்றி, முடி எல்லாம் திட்டுத் திட்டாகப் போனது. காய்ந்த முடியைப் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதே. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார். அடியில் சுற்றிய நூலின் நிறம் அப்போதுதான் மேலே வரும். கறுப்பு நூலில் கட்டினால் என்ன சாயம் போட்டாலும் அழுக்குப் பச்சைதான்.

உன் கணக்குக்கு வருகிறேன். ஒரே தூண்டில் நரம்பில் இரண்டு ஈ கட்டி, 10 மீனில் 7 புதுச் சாயத்துக்கு விழுந்தது என்கிறாய். நாணயத்தை 10 தடவை சுண்டிப் பார். 7-க்கு 3 அல்லது அதைவிட ஒருபக்கமாகச் சாய்ந்து வருவது மூன்றில் ஒரு முறைக்கு மேலேயே நடக்கும். அதோடு புது ஈ நரம்பின் நுனியில் இருந்தது, பழையது மேலே. நுனி ஈ ஆழத்தில் போகும், மீன் நிற்பதும் அங்கேதான். நாம் நம்புகிற ஈயை நல்ல இடத்தில் போடுகிறோம், அதிக நேரம் விடுகிறோம் என்பதும் இருக்கிறது. அது சாயத்தின் கணக்கில் சேரக் கூடாது.

அதனால் இந்த உறையில் 12 நிம்ஃப் வைத்திருக்கிறேன். எல்லாம் 16-ஆம் எண் முள், ஒரே டங்ஸ்டன் மணி, ஒரே ஆலிவ். "அ" என்று எழுதிய பொட்டலத்தில் 6, "ஆ"-வில் 6. ஒன்றில் மட்டும் நீ சொன்ன அந்தச் சாயம். எது என்று ஒரு சீட்டில் எழுதி இங்கே பூட்டி வைத்திருக்கிறேன். ஒரு மீன் விழுந்ததும் நுனி ஈயையும் மேல் ஈயையும் இடம் மாற்று. எந்த இடத்தில் எது பிடித்தது, தண்ணீர் எப்படி, வெளிச்சம் எப்படி என்று குறித்து வை. 50 மீன் ஆகும்வரை எனக்குச் சொல்லாதே. டார்ச் மட்டும் அடித்துப் பார்த்துவிடாதே, சேகர்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ரவி