முடக்குவாத மாத்திரையும் வீடு தேடி வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிய பிறகு, எங்கள் தெருவில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல காரியம். அதே தெருவில் இருக்கும் என் தங்கை, முடக்குவாத மாத்திரைக்காக மாதாமாதம் கூலியை விட்டுவிட்டு வெளியூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பஸ் ஏறுகிறாள். இதுவும் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டிய நோய்தானே? இதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

பலர் நினைப்பதுபோல இது வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் அல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. முப்பது, நாற்பது வயதிலேயே வரும், பெண்களுக்குத்தான் அதிகம். காலையில் என் தங்கையால் பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட முடியாது. டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடித்துத்தான் காபி குடிப்பாள். பத்து மணிக்கு மேல் கை கொஞ்சம் இளகும். அதைப் பார்த்துவிட்டு, ‘காலை வேலைக்குத்தான் இவளுக்கு வலி வரும்’ என்று வீட்டிலேயே பேச்சு. அந்தப் பேச்சு வலியைவிடக் கொடுமை.

சத்துக் குறைவு என்று கால்சியம், அப்புறம் வலி ஊசி, அப்புறம் யாரோ சொன்ன பொடி என்று ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இந்த நோய்க்காகச் செய்யும் ‘ஆர்.ஏ. ஃபேக்டர்’ ரத்தப் பரிசோதனையில் நெகட்டிவ் வந்ததும் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நெகட்டிவ் வந்தாலும் இந்த நோய் இருக்கலாம். நோய் தொடங்கிய முதல் சில மாதங்களுக்குள் சரியான மருந்தைக் கொடுத்தால் மூட்டு எலும்பு அரித்துப்போவதைப் பெருமளவு தடுக்கலாம். அரித்த எலும்பு பழையபடி ஆகாது. விரல், மணிக்கட்டு மூட்டுகள் ஆறு வாரத்துக்கு மேல் வீங்கியிருந்து, காலையில் இறுக்கமும் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தே வாதநோய் நிபுணருக்கு அனுப்பிவிட வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் இதற்குத் தனித் துறையே இருக்கிறது. சென்னையிலிருந்து தள்ளி இருப்பவர்களுக்குத்தான் அலைச்சல். நோய் கட்டுக்குள் வந்தவர்கள் இ-சஞ்சீவனி என்ற அரசின் இணையவழி மருத்துவ ஆலோசனைச் சேவை வழியாக நிபுணரிடம் பேச வசதி செய்யலாம்.

முதன்மை மருந்தான மெத்தோட்ரெக்ஸேட் விலை உயர்ந்ததும் அல்ல. ஆனால் கவனமாகக் கொடுக்க வேண்டிய மருந்து. ரத்த அணுக்களையும் கல்லீரலையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். அதைத் தாலுகா மருத்துவமனையிலேயே செய்து, முடிவு சரியாக இருந்தால் மாத்திரையை வீட்டில் கொடுக்கலாம். பிசியோதெரபி இந்தத் திட்டத்தில் ஏற்கெனவே இருப்பதால் விரல் பயிற்சியும் சொல்லித்தரலாம்.

இன்னொன்றை அவசியம் சொல்ல வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். மருந்தகத்தில் தரும் கவரிலோ காலை, மதியம், இரவு என்றுதான் கட்டம் இருக்கிறது. கிழமைக்கு இடமே இல்லை. கூடவே தரும் ஃபோலிக் ஆசிட்டும் பல சமயம் அதேபோலச் சின்ன மஞ்சள் மாத்திரை. இரண்டையும் மாற்றி, மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகும். கவரின் மேல் ‘ஞாயிறு மட்டும்’ என்று பெரிதாகத் தமிழில் எழுதி, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயாலும் சொல்லிக் கொடுக்கும்படி எல்லா அரசு மருந்தகங்களுக்கும் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். திட்டம் வரும்வரை காத்திருக்காமல் இதை இப்போதே செய்யலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவாரூர் மாவட்டம்