முடிவெடுக்கும் முன்பே ஊருக்குத் தகவல் தர வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்:
கண்மாய்ப் பாசன விவசாயிகள் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மதுரை மாவட்டம்.

பொருள்: அரசுத் திட்டங்களின் விவரத்தை முன்கூட்டியே தமிழில் கிராம சபைக்குத் தருதல், மேலூர் ஒன்றியத்தில் மக்களோடு சேர்ந்து வெளிப்படைத்தன்மைச் செயல்திட்டம் வகுத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்துவிட்டது என்பதை 2024 நவம்பரில் செய்தி வந்த பிறகுதான் எங்கள் பக்கத்து ஊர்களில் பெரும்பாலானவர்கள் தெரிந்துகொண்டோம். அந்த ஏலப் பரப்புக்குள் அரிட்டாபட்டியும் வந்தது. 2022-இல் தமிழக அரசே மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர் அது. அப்புறம் நடந்தது தாங்கள் அறிந்ததுதான். சுரங்கம் வேண்டாம் என்று கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று சனம் திரண்டு மதுரைக்கு நடந்தே வந்தது. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

ரத்தானதில் எங்களுக்கு நிறைவுதான். ஆனால் வேலை வெட்டியை விட்டுவிட்டு வயதான பெண்கள்கூட நாற்கரச் சாலையில் நடந்தது, முன்பே கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்விக்காக. ஏலம் விடும் முன்பே ஒரு கிராம சபையில் அந்த வரைபடத்தை விரித்து, இன்னின்ன புல எண்கள் இதற்குள் வருகின்றன என்று வாசித்திருந்தால், அன்றைக்கே ஊர் தன் பதிலைச் சொல்லியிருக்கும்.

பெரிய திட்டத்தில் மட்டும் இந்த நிலை என்றால் இந்த மனுவுக்கு அவசியமே இருந்திருக்காது. எங்கள் ஊர்க் கண்மாய் மராமத்து நடந்தபோது மடை ஓரத்தில் ஒரு தகவல் பலகை வைத்தார்கள். திட்டத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. "மதிப்பீடு ரூ." என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் வெறும் வெள்ளைப் பெயின்ட். முடியும் நாள் என்ற இடமும் காலி. கரையை எத்தனை மீட்டர் உயர்த்த வேண்டும், கலுங்கில் என்ன வேலை என்று கேட்டதற்கு, "எஸ்டிமேட் ஆபீஸில் இருக்கிறது" என்றார்கள். கிராம சபையிலும் வருகைப் பதிவேட்டில் முதலில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். வரவு செலவைக் கடகடவென்று வாசித்து முடித்துவிடுகிறார்கள். எந்தக் கண்மாய்க்கு எவ்வளவு என்று மனதில் நிற்பதற்குள் அடுத்த தீர்மானம் வந்துவிடுகிறது. நாங்கள் யாரையும் குற்றவாளியாக்க வரவில்லை. தகவல் கைக்கு வரும் வழியே அடைபட்டிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறோம்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆவது பிரிவு, யாரும் மனுப் போடாமலே அரசு அலுவலகங்கள் தாமாகத் தகவல் வெளியிட வேண்டும் என்கிறது. மக்களைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளின் விவரமும் அதில் அடங்கும். உள்ளூர் மொழியையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. இந்தியா 2011-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. ஊழல் தடுப்பு உடன்படிக்கையின் 13-ஆவது பிரிவும், பொதுமக்களின் பங்கேற்பை வளர்ப்பதை அரசின் கடமையாக வைத்திருக்கிறது.

வெளிநாடுகளில் இது வெறும் பேச்சாக நின்றுவிடவில்லை. 2011-இல் பிரேசில், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட 8 நாடுகள் சேர்ந்து, அரசு வேலைகளை மக்கள் பார்க்கவும் கேட்கவும் வழி செய்யும் திறந்த அரசுக் கூட்டமைப்பைத் தொடங்கின. இன்று 70-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. பக்கத்தில் இலங்கை 2015-இல் சேர்ந்தது. மறு ஆண்டே தகவல் உரிமைச் சட்டமும் கொண்டுவந்தது. இந்தியா உறுப்பினராக இல்லை. சேர்வதும் சேராததும் டெல்லி முடிவு செய்ய வேண்டியது, அதைத் தங்களிடம் கேட்பதில் பொருளில்லை. ஆனால் அந்தக் கூட்டமைப்பு நாடுகள் வேலை செய்யும் முறையை இங்கே எடுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. அங்கே அதிகாரிகளும் மக்கள் அமைப்புகளும் ஒன்றாக உட்கார்ந்து செயல்திட்டம் எழுதுகிறார்கள். சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அரசுக்கு வெளியே உள்ளவர்கள் பார்த்து அறிக்கை தருகிறார்கள். எங்களுக்கு மிகவும் பிடித்தது இந்த இரண்டாவது பகுதிதான், ஏனென்றால் இங்கே விட்டுப்போவது அதுதான்.

இது பெரிய நகரங்களுக்கு மட்டும் பொருந்தும் என்றும் நினைக்க வேண்டாம். 2016-இல் இந்தக் கூட்டமைப்பு உள்ளாட்சிகளையும் சேர்த்துக்கொண்டபோது, முதலில் சேர்ந்த 15 இடங்களில் பாரிஸும் சியோலும் இருந்தன; கென்யாவின் எல்கேயோ மராக்வெட், இந்தோனேசியாவின் போஜோனெகோரோ போன்ற விவசாய மாவட்டங்களும் இருந்தன. போஜோனெகோரோவில் மாவட்டத் தலைவர் வெள்ளிக்கிழமைகளில் பொது மண்டபத்தில் உட்கார்ந்து, எல்லார் முன்னிலையிலும் கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். தங்கள் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாளுக்கு அது ரொம்ப தூரமில்லை.

ஆகவே, எங்கள் ஊர்களைத் தொடும் கனிம ஆய்வு, ஏலம், நிலம் எடுப்பு பற்றிய எந்தக் கடிதமும் மாவட்ட நிர்வாகத்துக்கு வந்தவுடன், அதன் சுருக்கத்தையும் புல எண்களையும் தமிழில் எழுதி, ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டி, கிராம சபையில் வாசிக்க உத்தரவிட வேண்டுகிறோம். மிக அவசரமாக நாங்கள் கேட்பது இதைத்தான். கண்மாய், சாலை, குடிநீர் வேலைகளின் மதிப்பீடு, ஒப்பந்ததாரர் பெயர், முடிந்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தின் நகல் ஆகியவை கிராம சபைக்கு ஒரு வாரம் முன்பே ஊராட்சி அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கட்டும். காலியாக விட்ட தகவல் பலகைகளை நிரப்பச் சொல்லுங்கள்.

மேலூர் ஒன்றியத்தில் மட்டும் முதலில், இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு செயல்திட்டம் வகுத்துப் பாருங்கள். அதை எழுதும் குழுவில் அதிகாரிகளுக்குச் சமமாக விவசாயிகள், மகளிர் குழுவினர், கூலித் தொழிலாளர்கள், எந்தக் குடியிருப்பும் விடுபடாமல் பட்டியல் சாதி மக்கள் ஆகியோர் இடம்பெற வேண்டும். மதுரையில் உள்ள ஒரு கல்லூரியின் சமூகப்பணித் துறையிடம் ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பிடும் பொறுப்பைத் தரலாம். எங்கள் பங்குக்குக் குழுவில் உட்காரவும், வேலை நடக்கும் இடத்தில் அளவெடுக்கும்போது உடன் நிற்கவும் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.

இந்த மனுவின் மீது எடுக்கும் முடிவை, ஏற்பாக இருந்தாலும் மறுப்பாக இருந்தாலும், காரணத்தோடு எழுத்தில் தந்து, அடுத்த கிராம சபையில் வாசிக்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மேலூர் வட்டக் கண்மாய்ப் பாசன விவசாயிகள், ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: கண்மாய்த் தகவல் பலகையின் புகைப்படம், கையெழுத்துப் பட்டியல்