காரிலிருந்து பார்த்துவிடக்கூடிய காடா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சந்தா கட்டித் தங்கள் இதழைப் படித்துவருபவள் நான். சென்ற மாதச் சுற்றுலாச் சிறப்பிதழில் மொரிசியஸ் பற்றிய கட்டுரையில், "கங்கா தலாவில் கும்பிட்டுத் திரும்பும் வழியில் தேசியப் பூங்காவைக் காரிலிருந்தபடியே பார்த்துவிடலாம்; மற்றபடி இங்கு எல்லாம் கடற்கரைதான்" என்று ஒரு வரி வந்திருந்தது. அது என்னை மிகவும் வருத்திவிட்டது.

காரிலிருந்து தெரிவது பைன் மரமும் சீனக் கொய்யாப் புதரும். இரண்டும் வெளியிலிருந்து வந்து எங்கள் காட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டவை. பெத்ரேனில் வண்டியை நிறுத்திவிட்டு, மக்காபே முகட்டுப் பாதையில் நடந்து, பிளாக் ரிவர் பள்ளத்தாக்கிற்குள் செங்குத்தாக இறங்குகிறவர்களுக்கே 1994இல் தேசியப் பூங்காவான அந்த ஏறத்தாழ 6,500 ஹெக்டேர் என்னவென்று புரியும். டச்சுக்காரர் வெட்டியது போக எஞ்சிய கருங்காலி அங்கே நிற்கிறது. தீவின் பழைய காட்டில் நல்ல நிலையில் மிஞ்சியிருப்பது 2 விழுக்காட்டிற்கும் குறைவு என்பது தாங்கள் அறியாததல்ல.

என் அண்ணன் அந்தக் காட்டின் வேலியிட்ட பகுதிகளில் கொய்யாக் கன்றுகளைக் கையால் பிடுங்கும் வேலையை ஒன்பது ஆண்டுகள் செய்தார். பறவையும் குரங்கும் பழத்தைத் தின்று விதையைப் போட்டுவிடுவதால், பிடுங்கிய இடத்திலேயே மறுபடியும் முளைக்கும். அவரும் மறுபடியும் பிடுங்குவார். 1974இல் காட்டில் நான்கே நான்குதான் தெரிகிறது என்று எண்ணப்பட்ட எங்கள் சிறு வல்லூறைக் கண்ட நாளில், கைகால் கழுவுவதற்கு முன்பே அம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அவரைப் போன்றவர்கள் காத்த இடம், தங்கள் கட்டுரையில் திரும்பும் வழியாக மட்டும் வருகிறது.

கட்டுரையோடு வந்த படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "தேசியப் பூங்காவின் உட்புறம்" என்று அச்சிட்டிருப்பது சமரேலின் ஏழுநிற மண். அது தனியே நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கும் வேறோர் இடம். வடகிழக்கில் 2011இல் அறிவிக்கப்பட்ட பிரா தோ பூங்காவும், 2004 முதல் எட்டுத் தீவுத்திடல்களைச் சேர்த்துக் காக்கப்படும் தீவுப் பூங்காவும் கட்டுரையில் பெயரளவிலும் இல்லை. அந்த எட்டில் ஒன்றான இல் தாம்பருக்குக் கண்டல் காட்டினூடே படகு வலித்துப் போகலாம். பிச்சாவரத்துச் சுரபுன்னையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய தங்கள் இதழுக்கு, அதே இனம் எங்கள் கரையிலும் வேரூன்றி நிற்பது ஏன் கண்ணில் படவில்லை?

இது புதிய மனக்குறை அன்று. 2020 ஜூலை 25ஆம் நாள் வகாஷியோ கப்பல் புவாந்த் தெஸ்னி பவளத்திட்டில் மோதி, ஆகஸ்டில் அதன் எண்ணெய் கசிந்தபோது, நாங்கள் மாஹெபூர் கரையில் உட்கார்ந்து, துணியைப் பை பையாகத் தைத்து, கரும்புச் சோகையைத் திணித்துக் கடலில் மிதக்கும் தடுப்பு கட்டினோம். எதிரே தெரிந்த இல் ஓ செக்ரெத் ஏறத்தாழ 26 ஹெக்டேர் மட்டுமே உள்ள காப்புத்தீவு. இளஞ்சிவப்புப் புறாக்களைக் கொண்டுவந்து விட்டு வளர்த்த இடம். கண்டல் வேர்களில் கறுப்பாக எண்ணெய் அப்பியிருந்தது இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. வீட்டுக்கு வந்து மூன்று நாள் குளித்தும் கையில் அந்த நாற்றம் போகவில்லை. அந்த மாதமும் அடுத்த மாதமும் தங்கள் இதழைத் தேடிப் படித்தேன். ஒரு வரியும் வரவில்லை. அப்போதும் கடிதம் எழுதினேன். பதில் கிடைக்கவில்லை. எங்கள் தைப்பூசக் காவடிப் படங்களை ஆண்டுதோறும் அன்போடு வெளியிடும் தங்களுக்கு, அந்தக் காவடியைச் சுமப்பவர்கள் வாழும் மண்ணும் நீரும் செய்தியாகத் தோன்றாதது ஏன் என்று அன்று முதல் எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

நான் கேட்பது சிறிது. படத்தின் கீழுள்ள தவற்றை அடுத்த இதழில் திருத்துங்கள். அந்த மூன்று பூங்காக்களின் பெயர்களையும், அவற்றை நடந்தும் படகிலும்தான் காண வேண்டும் என்பதையும் நான்கு வரியில் சேருங்கள். கட்டுரையாளர் மீண்டும் இங்கு வருவாரானால், எழுபத்தொரு வயதிலும் மக்காபே முகடுவரை நான் அவரோடு நடந்து வருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ரோஸ் ஹில், மொரிசியஸ்.